இங்கிலாந்தின் இலவச ஃப்ளூ ஊசி: பார்மசியில் சுலபம், பள்ளியில் சறுக்கல்

அரசு மருத்துவ அமைப்பான என்.எச்.எஸ். நடத்தும் ஃப்ளூ ஊசிச் சேவையில் உருப்படியான பகுதி, 2015 முதல் இங்கிலாந்து பார்மசிகளில் போடுவதுதான். மேற்கையில் 0.5 மில்லி, சில நிமிட வேலை. பல கடைகள் சனிக்கிழமையும் திறந்திருப்பதால், ஷிப்டில் வேலை செய்பவர்களுக்கு ஜிபியைவிட (குடும்ப மருத்துவர்) இதுவே தோது.

யாருக்கு இலவசம் என்பதில்தான் குழப்பம். 65 வயது என்ற ஒன்று மட்டும் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. சர்க்கரை நோய் இருந்தால் 30 வயதுக்காரருக்கும் இலவசம். மாத்திரை இல்லாமல் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் சமாளிப்பவருக்கும்கூட. நம்மவர்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. தெரியாமல் போனால் 10 முதல் 25 பவுண்டு வரை கேட்பார்கள். மருந்துச்சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். முதியோர் பராமரிப்பு வேலையில் இருந்து, முதலாளி ஊசிக்கு ஏற்பாடு செய்யாவிட்டால் அதுவும் இலவசம்தான். ஏஜென்சி சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 50 முதல் 64 வயதினருக்கு 2020இல் தொடங்கிய சலுகை, மூன்று குளிர்காலம் ஓடி, 2023இல் நின்றுவிட்டது.

65 தாண்டியவர்களில் நான்கில் மூன்று பேர் போட்டுக்கொள்கிறார்கள். நோயுள்ள இளையவர்களில் பத்துக்கு நான்கு பேர்தான். ஏழை வட்டாரங்களில், கறுப்பின, பாகிஸ்தானியக் குடும்பங்களில் இன்னும் குறைவு. 'தயக்கம்' என்று ஒரே சொல்லில் முடிப்பது சோம்பேறித்தனம். அடிக்கடி வாடகை வீடு மாறுபவருக்கு ஜிபியின் அழைப்பு பழைய முகவரிக்கோ பழைய எண்ணுக்கோ போய்விடுகிறது.

பள்ளியில் கொடுப்பது மூக்குத் தெளிப்பு, துவாரத்துக்கு 0.1 மில்லி. வலி இல்லை; ஆனால் அதில் பன்றி ஜெலட்டின் இருக்கிறது. மதக் காரணத்தால் ஒப்பாதவர்களுக்கு ஜெலட்டின் இல்லாத ஊசி உண்டு, கேட்டு வாங்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் வெறுமனே 'வேண்டாம்' என்று குறித்தால் பிள்ளைக்கு இரண்டும் கிடைக்காது. படிவத்தைத் தவறவிட்டால் அப்புறம் தனி கிளினிக்குக்கு அலைய வேண்டும். தினக்கூலிக்காரருக்கு அரைநாள் சம்பளம் போச்சு. முந்தைய 72 மணி நேரத்தில் மூச்சு இளைப்பு இருந்திருந்தால் தெளிப்பு கூடாது, நர்ஸிடம் சொல்லி ஊசி கேளுங்கள்.

ஜிபியில் பதியவே அஞ்சுபவர்கள் கவனிக்க: முகவரிச் சான்றும் விசாவும் கட்டாயமில்லை. ரிசப்ஷனில் கேட்டாலும், விதி அதுதான் என்று சொல்லலாம்.