டிரெக்சல் லெகசி சென்டரோட ஆன்லைன் சேகரிப்பு: அந்த ஒரு போட்டோவுக்காகவே பாருங்க

அமெரிக்காவுல இருந்த பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியோட பழைய ஆவணங்கள டிரெக்சல் பல்கலைக்கழகத்தோட இந்த ஆவணக் காப்பகத்துலதான் வச்சிருக்காங்க, காசு கட்டாம வீட்ல இருந்தே பாக்கலாம். நான் முதல்ல தேடுனது 1885ல எடுத்த போட்டோ, அந்தக் கல்லூரியில படிச்ச மூணு பொண்ணுங்க: நம்ம நாட்டுல இருந்து போன ஆனந்திபாய் ஜோஷி, ஜப்பான்ல இருந்து வந்த கெய் ஒகாமி, சிரியால இருந்து வந்த சபாத் இஸ்லாம்பூலி, மூணு பேரும் அவங்கவங்க ஊர் உடுப்புல. ஆனந்திபாய் புடவையில உக்காந்து நேரா நம்மளயே பாக்குற மாதிரி இருக்கு, ரொம்ப நேரம் அந்தப் படத்த விட்டு நகரவே முடியல.

அடுத்து 1883ல கல்லூரியில சேர்க்கை கேட்டு ஆனந்திபாய் எழுதுன கடிதம். ஆம்பள டாக்டர்கிட்ட காட்டுறதுக்கு சாவே மேல்னு இருக்குற எங்க ஊர் பொண்ணுங்களுக்கு வைத்தியம் பாக்கணும்னு பதினெட்டு வயசுல எழுதியிருக்காங்க. பழைய கையெழுத்து, பெருசாக்கி மெதுவா படிங்க. 1886ல பட்டம், அடுத்த பிப்ரவரியில காசநோய்ல போயிட்டாங்க, 22 கூட ஆகல. அதே கல்லூரியில 1892ல பட்டம் வாங்குன குருபாய் கர்மார்க்கரையும் தேடிப் பாருங்க, அவங்க திரும்பி வந்து பம்பாய்ல வைத்தியம் பாத்தவங்க. மெடிசின் படிக்கிற பொண்ணுங்க வீட்ல இருந்தா கண்டிப்பா காட்டுங்க. அஞ்சுக்கு அஞ்சு.