எழுத்தில்லாத ஐந்து வண்ணப் புத்தகம்: ஓய்வுநாள் பள்ளிக்கு உதவுமா?

எழுத்தே இல்லாமல், பக்கங்களின் வண்ணத்தைக் காட்டியே பிள்ளைகளுக்குச் சுவிசேஷம் சொல்லும் புத்தகம் இது. 1866-இல் இங்கிலாந்துப் பிரசங்கியார் ஸ்பர்ஜன் பிரசங்கத்தில் விளக்கியபோது இதில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்றே பக்கம். 1875-இல் அமெரிக்க சுவிசேஷகர் டி. எல். மூடி பொன்னிறத்தைச் சேர்த்தார். பச்சை பிற்பாடு வந்தது. இன்றும் சுவிசேஷத்தை வரிசை தவறாமல் சொல்ல இது நல்ல கருவி. பொன்னிறத்தில் தேவன், இருளில் பாவம் (ரோமர் 3:23), சிவப்பில் சிலுவை, வெள்ளையில் மன்னிப்பு, பச்சையில் ஜெபம், வேதவாசிப்பு வழியான வளர்ச்சி.

குறை சிவப்புப் பக்கத்தில்தான். உயிர்த்தெழுதலுக்கென்று தனி வண்ணம் கிடையாது. பலர் "இயேசு நமக்காக மரித்தார்" என்றதோடு பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். 1 கொரிந்தியர் 15:3-4-ஐ அங்கேயே வாசித்து, அடக்கம்பண்ணப்பட்டதையும் மூன்றாம் நாளில் எழுந்ததையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிச் சுவிசேஷம்தான்.

இரண்டாம் பக்கத்தை "கறுப்பு" என்னாமல் "இருள்" என்பதே சரி; பிள்ளைகள் தோல் நிறத்தோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். பச்சையை அவசரமாக முடித்தால், ஜெபமும் வேதவாசிப்பும் இரட்சிப்புக்கு விலை என்றே பதியும். வெள்ளையில் சற்று நின்று, "இது கூலியா, ஈவா?" என்று கேட்டுவிட்டு (எபேசியர் 2:8-9) நகரலாம். முடிவில், இயேசுவை ஏற்றுக்கொண்டவர்களைக் கையுயர்த்தச் சொல்லி எண்ணுவது வீண். ஒருவர் தூக்கினால் எல்லாரும் தூக்குவார்கள். தனியே உட்கார்த்தி, சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லக் கேளுங்கள்.