வீட்டுக்குள் நீச்சல் குளம்: ஆறு வருஷத்துக்குப் பிறகு

நீளம் 10 மீட்டர், அகலம் 4, ஆழம் 1.35. இந்த ஒரு குளத்திடம் நான்கு வேலை வாங்கப் பார்த்தோம்: பெரியவனுக்கு நீச்சல் பயிற்சி, முழங்கால் வலிக்கு அம்மா தண்ணீரில் நடக்க, சின்னதுகள் ஆட்டம் போட, விருந்து நாளில் மேலே பலகை போட்டுக் கூடமாக்க.

கூடம் ஆனது ஆறு வருஷத்தில் இரண்டே தடவை. பலகை அடுக்க நாலு ஆள், அரை நாள். இப்போது அவை சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன, ஈரத் துண்டு போட வசதியாக.

மற்ற மூன்றுக்கும் நடுவே சண்டை தண்ணீர்ச் சூட்டில்தான். பெரியவனுக்கு 27 டிகிரி போதும். அதற்கு மேல் போனால் பத்து சுற்றில் முகம் சிவந்து ஏறிவிடுவான். அம்மாவோ 32 இருந்தால்தான் காலை இறக்குவார். "ஆளுக்கேற்ற மாதிரி மாத்திக்கலாம் சார்" என்றார் வடிவமைத்தவர். கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை. 54,000 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 63 கிலோவாட்-மணி வெப்பம் வேண்டும். எங்கள் 20 கிலோவாட் ஹீட் பம்ப்புக்கு மூன்று மணி நேர வேலை. ஐந்து டிகிரி என்றால் பகல் முழுக்கப் போய்விடும். சூடு இறங்குவது அதைவிட மெதுவு. கடைசியில் 30-இல் நிறுத்தினோம், இருவருக்கும் மனக்குறையோடு. இன்று கட்டினால் அம்மாவுக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி வைப்பேன்.

தண்ணீரைப் பற்றியே யோசித்த நாங்கள் காற்றைக் கோட்டை விட்டோம். மின்செலவு மிச்சம் என்று குள அறையைக் குளுகுளுவென வைத்திருந்தேன். நடந்தது நேர்மாறு. அறைக்காற்று தண்ணீரைவிட ஓரிரு டிகிரி சூடாகவும், ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதமாகவும் இருந்தால்தான் ஆவியாவது அடங்கும். இரண்டாம் வருஷம் பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூசணம். ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்தால், விளக்குக்காக வெட்டிய ஓட்டைகளில் ஈரத்தடுப்பு ஷீட்டை ஒட்டாமலே விட்டிருந்தார்கள். சீலிங்கைத் தாங்கும் தொங்கு கம்பிகளில் பழுப்புப் புள்ளிகள். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்தானே என்று அலட்சியமாக இருக்க முடியவில்லை. 1985-இல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டரில் உள்ளரங்கக் குளத்தின் கூரை இடிந்து 12 பேர் இறந்தது இப்படிப்பட்ட கம்பிகள் குளோரைடு அரிப்பில் விரிசல் விட்டு முறிந்ததால்தான். எல்லாவற்றையும் கழற்றி மாற்றினோம். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பெரிய டீஹியூமிடிஃபையரும் அப்போதுதான் வந்தது. முதல் நாளே வாங்கியிருக்க வேண்டியது.

'குளோரின் வாடை' என்று விருந்தாளிகள் மூக்கைப் பிடிப்பது குளோரின் கூடியதால் அல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின் அது. குளித்துவிட்டு இறங்கு என்ற ஒரே கட்டளையில் பாதி வாடை போனது. (மீதிப் பாதிக்குக் காரணம் சின்னவன் என்று சந்தேகம்.)

போட்ட காசுக்கு முழு மதிப்பு என்றால் தானாகச் சுருளும் கவர்தான். குளத்துச் சூடு பெரும்பாலும் ஆவியாகித்தான் போகிறது. அதை இது மறித்துவிடுகிறது. இரவு மூட மறந்தால் யாரும் சொல்லவே வேண்டாம், காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்.