குரூப் பாலிசி: மதுரையில் சில வருட உழைப்புக்குப் பிறகு

எங்கள் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மதுரை கே.கே. நகரில். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியில் கிளைகள். எல்லாமே விண்டோஸ் கணினிகள். கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி ஏற்கெனவே இருந்ததால் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளுக்கு அதிலுள்ள குரூப் பாலிசியையே (எல்லாக் கணினிகளுக்கும் விதிகளைச் சர்வரிலிருந்தே அனுப்பும் வசதி) எடுத்துக்கொண்டோம். தனியாகக் காசு கேட்காது என்பது முதலாளிக்குப் பிடித்த காரணம்.

விண்டோஸ் 2000 காலத்துச் சரக்குதான், இன்னும் உழைக்கிறது. திரைப்பூட்டு, ஃபயர்வால், எஸ்எம்பி 1 (நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் பழைய முறை) முடக்கம் எல்லாம் ஒருமுறை போட்டதோடு சரி. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது அந்தப் பழைய எஸ்எம்பி 1 வழியாகத்தான் என்பதால், அதை மட்டும் யார் கேட்டாலும் திறப்பதில்லை.

வம்பெல்லாம் பென்டிரைவில்தான். வெளிச் சேமிப்புக் கருவிகள் அனைத்துக்கும் தடை போட்டதும் கணக்குப் பிரிவு அண்ணன் போன் செய்தார்: "தம்பி, புது சிஸ்டத்துல கையெழுத்து டோக்கன் சொருகினா ஒண்ணுமே வரலயேப்பா. ஜிஎஸ்டி ரிட்டர்ன் நிக்குது." டிஜிட்டல் கையெழுத்துப் போட உதவும் அந்த யுஎஸ்பி டோக்கன் சேமிப்புக் கருவி இல்லை, அதைத் தடை தொடாது. ஆனால் அதன் டிரைவர் மென்பொருள் சிடி போலத் தெரியும் ஒரு பகுதியில் இருக்கிறது, தடை அதைப் பிடித்துக்கொண்டது. டிரைவரை சர்வரிலிருந்து நிறுவிக் கொடுத்தோம். தடை அப்படியே இருக்கிறது.

அடுத்தது "இன்னைக்கு மட்டும்" கோரிக்கைகள். ஆடிட்டர் ஆபீஸ் ஃபைல் என்று ஒருவரைத் தடையில்லாத குழுவில் சேர்த்துப் பென்டிரைவைத் திறந்துவிட்டால் திரும்ப மூடச் சொல்லி யாரும் போன் செய்ய மாட்டார்கள். சர்வர் 2016 முதல் குழு உறுப்பினருக்குக் கெடு வைக்கும் வசதி உண்டு. நேரம் முடிந்தால் தானாகவே கழன்றுவிடும். ஒருமுறை இயக்கினால் அந்த வசதியை அணைக்க முடியாது, யோசித்துச் செய்யுங்கள்.

பாலிசி உடனே போய்ச் சேராது. 90 நிமிடம், அதற்கு மேல் 30 நிமிடம் வரை கூடலாம். அவசரமென்றால் அந்தக் கணினியில் 'ஜிபிஅப்டேட்' கட்டளை. லோக்கல் (அந்தக் கணினி), சைட் (நெட்வொர்க் இடம்), டொமைன் (முழு நெட்வொர்க்), ஓயூ (அதற்குள் பிரித்த பிரிவு) என்ற வரிசையில் கடைசியாக வருவதே ஜெயிக்கும் என்பதால், எது ஜெயித்தது என்று ஊகிக்காமல் 'ஜிபிரிசல்ட்' கட்டளை தரும் அறிக்கையைப் பாருங்கள்.

பெரிய குறை, எந்தக் கணினி பாலிசியை வாங்கிக்கொண்டது என்று ஒரே இடத்தில் பார்க்க வழியில்லை. விற்பனைப் பிரிவு லேப்டாப்கள் வாரக்கணக்கில் வெளியே சுற்றும், விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கில் இணையும் வழி) பக்கமே வராது. அவற்றை மட்டும் இணையம் வழியாகவே நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் இன்ட்யூனுக்கு மாற்றியிருக்கிறோம்.