காப்பிக்கொட்டை அரைக்க எந்த மிஷின்? துடைக்கிறவன் சொல்லும் கணக்கு

எங்கள் வீட்டில் காப்பிக்கொட்டை அரைக்கும் கை மிஷின் மூன்று இருக்கின்றன. ஒன்று பரண்மேல், ஒன்று அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒன்று தினமும் கையில். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டைக் கைவிட்டு, மூன்றாவதோடு இரண்டரை வருடம் ஓட்டியிருக்கிறேன். "எதை வாங்கலாம்?" என்று கேட்பவர்களுக்கு வாட்ஸப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. நான் எந்தப் பக்கம் என்பதையும் மறைக்கவில்லை: எஃகுப் பல் (கொட்டையை நொறுக்கி அரைக்கும் பாகம்) வைத்த சின்ன உருளை மிஷின்தான். ஏன் என்பது துடைக்கும்போதுதான் தெரிந்தது, அரைக்கும்போது அல்ல.

பொடியாகவே வாங்கினால் என்ன என்ற கேள்விக்கு நீண்ட பதில் வேண்டாம். அரைத்த பொடி நாலைந்து நாள் போனால் டப்பாவைத் திறக்கும்போது மணக்கிறது, டம்ளரில் மணப்பதில்லை. மிக்ஸியிலும் போட்டுப் பார்த்தாயிற்று. பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, வெட்டுகிறது. பாதி மாவு, பாதி நொய். மாவு ஃபில்டரின் துளையை அடைக்கும், நொய்யில் சாரம் இறங்காது. டிகாஷன் இறங்கவில்லை என்று காலை ஆறு மணிக்கு ஃபில்டர் தலையில் கரண்டியால் தட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. மின்சார மிஷினை நண்பன் வீட்டில் இரண்டு முறை பார்த்ததோடு சரி. எட்டுப் பேர் குடிக்கிற வீட்டுக்கு அதுதான் தோது என்று தோன்றுகிறது. வைத்துப் பழகாமல் மேலே பேசக்கூடாது.

முதலில் பரண்மேல் இருப்பது. பாட்டியுடையது. வார்ப்பிரும்பு உடம்பு, மேலே புனல் மாதிரி வாய், பக்கவாட்டில் நீளக் கைப்பிடி, கீழே பொடி விழத் தகரத் தட்டு. இங்கிலாந்தின் ஸ்பாங் கம்பெனி ஒருகாலத்தில் செய்து விற்ற ஜாதி. எங்களுடையதில் எழுத்து தேய்ந்துவிட்டதால் அசலா, பார்த்துச் செய்ததா என்று சொல்ல முடியாது. மேசை விளிம்பில் திருகி மாட்ட வேண்டியதைப் பாட்டி ஒரு பலகையில் நிரந்தரமாகப் பிணைத்துவிட்டாள். அரிவாள்மணை மாதிரி ஒரு காலால் பலகையை அழுத்திக்கொண்டு சுற்றுவாள். கொட்டையை மேலே போடப்போட அரைத்துக்கொண்டே இருக்கும். கைப்பிடி நீளம் என்பதால் மணிக்கட்டு வலிக்காது, தோள்தான் வேலை செய்யும். இந்த ஒரு விஷயத்தில் இன்றைய மிஷின் எதுவும் அதன் பக்கத்தில் வர முடியாது.

ஆசையாகச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். பலகை செல்லரித்திருந்தது. எங்கள் வாடகை வீட்டுச் சமையல் மேடை கிரானைட். விளிம்பை உருட்டி இழைத்திருந்ததில் திருகு பிடிக்கவில்லை. ஒருவழியாக மர ஸ்டூலில் மாட்டி அரைத்தால் பொடி சொரசொரவென்று ரவையாக விழுந்தது. எவ்வளவு இறுக்கினாலும் அதற்குக் கீழே போகவில்லை. பல் மழுங்கிவிட்டது. லேத் பட்டறையில் காட்டினேன். பட்டறைக்காரர் விரலால் பல்லைத் தடவிப் பார்த்தார். "வார்ப்பிரும்புங்க. மறுபடி வெட்டப் போனா வாய் உடைஞ்சிடும். வேணாம், வச்சிக்கோங்க" என்று கையில் கொடுத்துவிட்டார்.

அடுத்து வாங்கியது பீங்கான் பல் மிஷின். ஆன்லைனில் 1,100 ரூபாய். பீங்கான் கெட்ட பொருள் இல்லை. துருப்பிடிக்காது, கழுவலாம், சீக்கிரம் மழுங்காது. ஜப்பானின் ஹாரியோ மாதிரியான கம்பெனிகள் வெகுகாலமாகப் பீங்கான் பல் வைத்தே கை மிஷின் செய்கின்றன. நான் வாங்கியது பெயரில்லாத மலிவு ரகம்; அதன் குறையைப் பீங்கான் குலத்துக்கே ஏற்றிவிட வேண்டாம். அதில் கைப்பிடித் தண்டை ஒரு பிளாஸ்டிக் வளையம் மட்டுமே தாங்கியது. சுற்றும்போது தண்டு ஆடும், தண்டோடு பல்லும் ஆடும். ஒரு பக்கம் இடைவெளி அதிகம், மறுபக்கம் குறைவு. மிக்ஸியில் பார்த்த அதே மாவும் நொய்யும், கொஞ்சம் நாகரிகமாக. 20 கிராம் அரைக்க நாலு நிமிடம் ஆனது. பால் பொங்கி வழிந்த காலைகள் பல.

மூன்றாவது டைம்மோர் சி2. சீனத் தயாரிப்பு, 38 மில்லிமீட்டர் எஃகுப் பல், ஒரு தடவைக்கு 25 கிராம் வரை கொள்ளும். நான் கொடுத்தது 6,000 ரூபாய்க்கு மேல். முன்னதைப்போல ஐந்து மடங்குக்கும் அதிகம் என்பதால் ஒரு மாதம் யோசித்தேன். இதே ரகத்தில் கிங்க்ரைண்டர், ஒன்ஸீபிரஸ்ஸோ என்று வேறு பெயர்களும் உண்டு. ஜெர்மனியின் கமாண்டன்டே விலையில் வேறு உலகம். கையில் பிடித்துக்கூடப் பார்த்ததில்லை. இவற்றில் தண்டை மேலும் கீழும் இரண்டு பேரிங் தாங்குகின்றன. ஆட்டம் இல்லாததால் பொடி ஒரே சீராக விழுகிறது. ஃபில்டருக்கு வேண்டிய நைசில் 20 கிராம் அரைக்க எனக்கு ஒன்றேகால் நிமிடம் ஆகிறது.

இதெல்லாம் யாரும் சொல்வது. வாங்கி ஆறு மாதம் கழித்துத் தெரியவரும் விஷயம் வேறு.

காப்பிக்கொட்டையில் எண்ணெய் இருக்கிறது. நம் ஊர்ப் பழக்கத்துக்கு நன்றாகக் கறுக்க வறுத்தால் அந்த எண்ணெய் வெளியே வந்து கொட்டை பளபளக்கும். அரைக்கும்போது அது பல்லின் பள்ளங்களில் பொடியோடு சேர்ந்து அப்பிக்கொள்கிறது. இரண்டு வாரம் விட்டால் மிஷினைத் திறக்கும்போதே காறல் வாடை அடிக்கும், பழைய தேங்காயெண்ணெய்ச் சீசாவைத் திறந்த மாதிரி. கொட்டை எவ்வளவு புதிதாக இருந்தாலும் இந்த வாடை டிகாஷனில் ஏறிவிடும். ஆகவே எந்த மிஷினாக இருந்தாலும் மாதம் இரண்டு தடவையாவது பிரித்துத் துடைத்தே ஆக வேண்டும். பிரித்ததை மறுபடி மாட்டினால் பழைய நைஸ் அப்படியே கிடைக்கிறதா என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

பாட்டி மிஷினில் இந்தப் பேச்சே இல்லை. திருகுகள் துருவேறி உடம்போடு ஒட்டிவிட்டன, பிரிக்க முடிந்தால்தானே. பாட்டி எப்படிச் சமாளித்தாள் என்று அம்மாவைக் கேட்டேன். "தினம் அரைச்சா எங்கடா காறும்?" என்றாள். பத்துப் பேர் இருந்த வீட்டுக்கு அது சரியான பதில்.

பீங்கான் மிஷினைப் பிரிப்பது சுலபம், கழுவுவதும் சுலபம். ஆனால் நைஸ் வைக்கும் நட்டைக் கழற்றாமல் பல் வெளியே வராது, அந்த நட்டில் எந்த அடையாளமும் இல்லை. மாட்டிய பிறகு எவ்வளவு இறுக்குவது என்பது கைக்கணக்கு. ஒவ்வொரு தடவையும் முதல் நாள் டிகாஷன் தண்ணியாக ஓடும், மறுநாள் அடைத்துக்கொள்ளும், மூன்றாம் நாள் சுமாராக வரும். ஃபில்டரின் அடித்தட்டைக் கேஸ் அடுப்புத் தீயில் காட்டித் துளைகளை எரித்தெடுத்ததெல்லாம் அந்தக் காலத்தில்தான். இன்னொன்று: பீங்கான் துருப்பிடிக்காது, சரி. அதற்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் இரும்பு. கழுவிய ஈரம் அதில் தங்கி, எட்டாம் மாதம் பழுப்புத் தண்ணீர் சொட்டியது.

எஃகு மிஷினில் நைஸ் வைக்கும் திருகு ஒவ்வொரு படியிலும் 'டிக்' என்று நிற்கும். முழுக்க இறுக்கினால் கைப்பிடி தானாகச் சுற்றாமல் நின்றுவிடும், அது பூஜ்யம். அங்கிருந்து தளர்த்திக்கொண்டே எண்ண வேண்டும். என் மிஷினில், என் ஃபில்டருக்கு, 12 டிக். (வேறு மிஷினில் இந்த எண் மாறும், அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.) ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளை விரித்து, திருகு, ஸ்பிரிங், வாஷர், பல் என்று கழற்றிய வரிசையிலேயே அடுக்குவேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளங்களைத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, திருப்பி மாட்டி, பூஜ்யத்துக்குப் போய், 12 எண்ணினால் முடிந்தது. ஏழெட்டு நிமிடம். மறுநாள் காலை டிகாஷன் நேற்றைப் போலவே இறங்கும். அந்த 6,000 ரூபாய் எதற்கு என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தண்ணீர் மட்டும் படக்கூடாது. ஒருநாள் அம்மா அதைப் பிரித்து, விம் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள். "பாத்திரம்னா தேய்க்கணும். நீ பிரஷ்ஷால தடவிட்டு எடுத்து வைக்கிறே." ஸ்டெயின்லெஸ் என்றுதான் போட்டிருக்கிறது, இருந்தும் இரண்டு நாளில் தண்டின் அடியில் பழுப்புப் பொட்டுகள். நல்லவேளை, உலர்ந்த துணிக்கே போய்விட்டன. அரிசி போட்டு அரைத்தால் சுத்தமாகும் என்று சிலர் சொல்வதையும் நான் செய்ய மாட்டேன். அரிசி காப்பிக்கொட்டையைவிடக் கடினம். அதன் மாவு உள்ளே தங்கி, நம் ஊர் ஈரக்காற்றில் பசையாகும்.

சிக்கரியும் உள்ளே போகக் கூடாது. அது ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். பொடியாக வாங்கி, அரைத்த பிறகு கலந்துகொள்ளலாம்; எங்கள் வீட்டில் 80க்கு 20. சிக்கரி தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக இறக்கும். அதை நிறுத்திவிட்டுச் சுத்தக் காப்பி போட்டால் டிகாஷன் மடமடவென்று ஓடித் தண்ணியாகிவிடும். அப்போது இரண்டு டிக் நைசாக வைக்கிறேன்.

கொட்டையைப் போடுமுன் ஒரு தட்டில் பரப்பிப் பாருங்கள். களத்தில் காயவைத்த கொட்டையோடு குட்டிக் கல் வரும். எனக்கு ஒருமுறை வந்தது, பீபெரி (உருண்டையான ஒற்றைக் காப்பிக்கொட்டை) அளவில், அதே நிறத்தில். கைப்பிடி 'டக்'கென்று நின்றது, முரட்டுத்தனமாகச் சுற்றாமல் திருகைத் தளர்த்திக் கவிழ்த்தேன், கல் விழுந்தது. பீங்கானாக இருந்தால் விளிம்பு தெறித்திருக்கும்.

என் மிஷினின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவைக்கு 25 கிராம் என்பது இரண்டு பேருக்குத் தாராளம், நாலு பேருக்கு இரண்டு தடவை, விருந்தாளி வந்தால் கை ஓய்ந்துவிடும். அலுமினிய உடம்பை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும். மூட்டு வலி உள்ள அம்மாவால் முடியவில்லை. புதிதாக வந்திருக்கும் லேசான வறுவல் கொட்டை கல் மாதிரி இருக்கிறது, எனக்கே மூச்சு வாங்கும். வயதானவர்கள்தான் அரைக்கப்போகிறார்கள் என்றால் நீளக் கைப்பிடி வைத்த, மேசையில் திருகி மாட்டும் மிஷின், அதுவும் பல் தேயாதது, எங்காவது கிடைக்கிறதா என்று தேடுவது நல்லது.

பீங்கான் மிஷினை வீசவில்லை. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, மிளகு அரைக்க வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு ஒன்றிரண்டாக உடைக்க அதன் ஆட்டம் அருமையாகப் பொருந்துகிறது. மிளகு போன பிறகு அதில் காப்பிக்கொட்டை போட முடியாது. மூன்று தடவை கழுவியும் காரம் போகவில்லை.