கையடக்க ஹாம் ரேடியோவுக்குப் பெரிய பேட்டரி: அளந்து பார்த்த மதிப்புரை

அவசரகாலத் தொடர்புப் பயிற்சி ஒன்றில், எனது ஐந்து வாட் கையடக்க ஹாம் ரேடியோவுடன் (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பேசிக்கொள்ளும் வானொலிக் கருவி) வந்த 1,800 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி மாலைக்குள் தீர்ந்துபோய், எனக்கு வந்த அழைப்புக்குப் பதில் சொல்ல முடியாமல் போனது. அதன் பிறகுதான் அதே ரேடியோவுக்குப் பொருந்தும் 3,800 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை வாங்கினேன். சில மாதங்களாக இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

உறையில் அச்சிட்ட எண்ணை அப்படியே ஏற்க மனம் வரவில்லை. இரண்டு லித்தியம் அயன் செல்கள் தொடராக இணைந்த இந்தப் பேட்டரியை 8.4 வோல்ட் வரை முழுமையாக ஏற்றி, அரை ஆம்பியர் சுமையில் 6 வோல்ட் வரை இறக்கிப் பார்த்தபோது ஏறத்தாழ 3,300 கிடைத்தது. அச்சிட்டதைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு என்றாலும், பழைய பேட்டரியும் இதே சோதனையில் 1,650 அளவே தந்ததால், உண்மையில் இரண்டு மடங்கு கிடைத்திருக்கிறது. இது எனக்கு நிறைவே.

ரேடியோவின் அடியில் நீண்டு நிற்கும் இதன் எடை இடுப்பில் மாட்டி நடக்கும்போது தெரிகிறது. 400 மில்லி ஆம்பியர் அளவில் ஏற்றும் பழைய சார்ஜரில் இது நிரம்ப ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகிறது. இரவில் வைத்தால் காலையில்தான் எடுக்க முடியும்.

இதைவிட முக்கியமாக நான் கண்டறிந்தது ரேடியோவின் மின் செலவைத்தான். ஐந்து வாட்டில் பேசும்போது 1.4 ஆம்பியர், ஒரு வாட்டில் 0.6 ஆம்பியர், ஸ்பீக்கர் உரக்க ஒலிக்கும்போது கால் ஆம்பியர், சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் மூடி அமைதியாகக் காத்திருக்கும்போது 80 மில்லி ஆம்பியர் என மீட்டர் காட்டியது. மின்சேமிப்பு முறையை இயக்கினால், ரிசீவர் சற்றே உறங்கி விழித்துக் கேட்பதால் இந்தக் கடைசிச் செலவு சராசரியாக 45க்கு இறங்குகிறது. நூற்றில் ஐந்து பங்கு நேரம் பேசி, ஐந்து பங்கு கேட்டு, மீதியைக் காத்திருப்பதில் கழிப்பதாகக் கணக்கிட்டால், ஐந்து வாட்டில் சேமிப்பு இல்லாமல் பழைய பேட்டரி பத்தரை மணி நேரம் தாங்கும். ஒரு வாட்டுக்கு மாறி, சேமிப்பையும் இயக்கினால் அதே பேட்டரி ஏறத்தாழ இருபது மணி நேரம் தரும். புதிய பேட்டரியை வாங்குவதால் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி, செலவில்லாமல் மெனுவிலேயே கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நாற்பது மணி நேரம்.

ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறங்குவதால் இழப்பது 7 டெசிபெல், அதாவது சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படிக்குச் சற்று அதிகம். சிக்னலைப் பெற்றுத் திரும்ப ஒலிபரப்பும் ரிப்பீட்டர் நிலையம் நன்றாகக் கேட்கும் இடத்தில் இந்த இழப்பு எவருக்கும் தெரியாது. இழப்பு தெரியும் இடங்களில், குட்டை ஆன்டெனாவுக்குப் பதிலாக நீளமானதை மாட்டுவதையே முதலில் பரிந்துரைப்பேன். எஃப்எம்மில் தாழ்ந்த குரலில் பேசினால் மின்சாரம் மிஞ்சும் என்று சிலர் எண்ணுகிறார்கள். பொத்தானை அழுத்தியிருக்கும்வரை கேரியர், அதாவது குரலைச் சுமக்கும் அலை, முழு ஆற்றலோடு செல்வதால், சுருக்கமாகப் பேசுவதே பலன் தரும்.

மின்சேமிப்புக்கும் ஒரு விலை உண்டு: உறங்கும் ரிசீவர் விழிப்பதற்குள் அழைப்பவரின் முதல் அசை விழுங்கப்படலாம். ஏபிஆர்எஸ் (இருப்பிடம், குறுஞ்செய்தி ஆகியவற்றை ரேடியோவில் அனுப்பும் முறை) போன்றவற்றின் குறுகிய தரவுத் தொகுப்புகளைப் பெறும்போது மின்சேமிப்பை அணைத்தே வைக்க வேண்டும். இரு அலைவரிசைகளை மாறி மாறிக் கவனிக்கும் வசதியையும் தேவையில்லாதபோது நிறுத்திவிடுகிறேன், ரிசீவர் அடிக்கடி விழிப்பது குறைகிறது.

வார இறுதியில் மட்டும் ரிப்பீட்டரில் பேசுபவர், முதலில் மெனுவை மாற்றிப் பார்த்துவிட்டு இந்தப் பேட்டரியைப் பற்றி யோசிக்கலாம். மின்சாரம் இல்லாத இடத்தில் ஓரிரு நாள் காவலிருப்பவர் தயங்காமல் வாங்கலாம். ஆனால் நெடுநாள் எடுக்காமல் வைப்பதாக இருந்தால், முழுமையாக ஏற்றி வைக்காமல் பாதி அளவு ஏற்றி, வெப்பம் இல்லாத இடத்தில் ரேடியோவிலிருந்து கழற்றி வைக்கவும்.