கேப் கழன்றால் "சிமெண்ட் சரியில்லை" என்பதை அப்படியே நம்பாதீர்கள்

பல்லுக்குப் போட்ட கேப் சில மாதத்திலேயே கழன்று கையோடு வந்துவிடுகிறது. கிளினிக்குக்கு எடுத்துப் போனால், "சிமெண்ட் விட்டுப்போச்சு, இதைவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு போட்டு ஒட்டிடலாம்" என்று ஐந்தே நிமிடத்தில் ஒட்டி, அதற்கும் தனிக் கட்டணம் வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். மறுபடி கழல்கிறது, மறுபடி கட்டணம். இப்படியே ஒட்டி ஒட்டி, கடைசியில் அடியில் சொத்தை பரவிப் பல்லையே பிடுங்க வேண்டிய நிலைக்கு வருபவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் மாறுவது சிமெண்ட் மட்டும்தான். அது பிடிக்க வேண்டிய பரப்பை யாரும் கவனிப்பதில்லை.

டிரில்லால் பல்லை ராவியதும் வெட்டுப்பட்ட பரப்பில் பல்துகளும் கொலாஜன் (பல்லில் உள்ள புரத இழை) கசடும் குழைந்து ஒரு படலமாக அப்பிக்கொள்ளும். ஸ்மியர் லேயர் என்பார்கள். தடிமன் ஓரிரு மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பீய்ச்சினாலும் போகாது. இதை எப்படிக் கையாள்வது என்பது எந்த சிமெண்ட் என்பதைப் பொறுத்தது. ஜிங்க் பாஸ்பேட் என்ற சிமெண்ட் பல்லோடு வேதியியல் முறையில் ஒட்டுவதே இல்லை, சொரசொரப்பைக் கவ்வித்தான் நிற்கும். கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட் பல்லில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு 10 சதவீத பாலிஅக்ரிலிக் அமிலத்தை 20 விநாடி தடவிக் கழுவினால் போதும்: படலம் போகும், கால்சியம் தங்கும். ரெசின் (பிளாஸ்டிக் போல இறுகும் பிசின்) சிமெண்ட்டுக்காக வைத்திருக்கும் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தையே இதற்கும் போட்டால், சிமெண்ட் பிடிக்க வேண்டிய கால்சியமே பல்லின் வெளி ஓட்டுக்கு அடியில் உள்ள டென்டின் என்ற பகுதியின் மேற்பரப்பிலிருந்து கரைந்துவிடும்.

ரெசின் சிமெண்ட்டில் தவறு நடக்க இன்னும் அதிக வழி இருக்கிறது. அமிலம் போட்டுப் பரப்பைச் சொரசொரப்பாக்கும் எச்சிங் முறையில், பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு 15 முதல் 30 விநாடி. கழுவி உலர்த்தினால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்க வேண்டும். டென்டினுக்கு 15 விநாடிக்கு மேல் கூடாது. கழுவிய பிறகு காற்றைப் பீய்ச்சிக் காய வைப்பதுதான் பெரிய கேடு. அமிலம் தாதுவைக் கரைத்ததும் வெளியே தெரியும் கொலாஜன் இழைகள் ஈரம் இருக்கும்வரைதான் விரிந்து நிற்கும், காய்ந்தால் படுத்துவிடும். அப்புறம் ரெசின் உள்ளே இறங்க வழியில்லை. பிடிப்பும் போய், பல் கூசவும் தொடங்கும். பரப்பு ஈரத்தில் லேசாக மினுங்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. தனிப் பசை தடவாமலே ஒட்டும் செல்ஃப் அடெசிவ் வகை ரெசின் சிமெண்ட் என்றால் டென்டினில் பாஸ்பாரிக் அமிலமே கூடாது. அந்தக் கெட்டியான சிமெண்ட் இழைகளுக்குள் முழுதாக ஊடுருவாது, பிடிப்பு கூடுவதற்குப் பதில் குறையும்.

அடுத்தது அழுக்கு. தற்காலிக கேப்பை ஒட்டக் கிராம்பு எண்ணெய் வாசனையுள்ள சிமெண்ட் போட்டிருந்தால், அதிலுள்ள யூஜினால் ரெசினை முழுதாக இறுக விடாது. எண்ணெயும் ஃப்ளோரைடும் கலக்காத பியூமிஸ் என்ற எரிமலைக் கல் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்க்க வேண்டும். சுரண்டி எடுத்தால் மட்டும் போதாது. ரூட் கெனாலில் ஊற்றும் ஹைப்போகுளோரைட்டும், ஈறு ரத்தத்தை நிறுத்தப் போடும் ஃபெர்ரிக் சல்ஃபேட்டும்கூட ரெசினின் பிடிப்பைக் கெடுக்கும். எச்சிங் செய்த பரப்பில் எச்சில் பட்டால் பஞ்சால் துடைத்துவிட்டுத் தொடரக் கூடாது. கழுவி, திரும்ப எச்சிங் செய்ய வேண்டும். எச்சில் படாமல் பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் டேமோ பஞ்சு உருளையோ உறிஞ்சு குழாயோ எதுவும் இல்லாமல் ரெசினால் ஒட்டுகிறார்கள் என்றால் அந்த வேலையை நம்பவே நம்பாதீர்கள்.

கேப்பின் உட்புறமும் பரப்புதான். கேப் லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கானால் ஆனது என்றால் 5 சதவீத ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் 20 விநாடி, பிறகு ரெசினோடு பிணைக்கும் சிலேன் திரவம். ஜிர்கோனியா என்ற கடினமான பீங்கானில் அந்த அமிலம் பலிக்காது. 50 மைக்ரான் அலுமினாவைக் குறைந்த அழுத்தத்தில் பீய்ச்சி, ஜிர்கோனியாவைப் பிடிக்கும் எம்டிபி என்ற வேதிப்பொருள் உள்ள பிரைமர் (ஒட்டுவதற்கு முன் பூசும் திரவம்) தடவ வேண்டும். வாயில் அளவு பார்த்ததும் எச்சிலில் உள்ள பாஸ்பேட் ஜிர்கோனியாவில் ஒட்டிக்கொண்டு, எம்டிபி பிடிக்க வேண்டிய இடத்தை அடைத்துவிடும். சுத்தம் செய்கிறேன் என்று பாஸ்பாரிக் அமிலத்தைப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். இதைத் தெரியாமல் செய்பவர்கள் ஏராளம்.

கேப் கழன்றால் ஒட்டக் கொடுப்பதற்கு முன் வெளிச்சத்தில் உட்புறத்தைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். சிமெண்ட் முழுக்கக் கேப்புக்குள் இருந்து பல் மொழுமொழுவென்று இருந்தால், பிடிப்பு பல் பக்கம் போயிருக்கிறது. பல்லில் சிமெண்ட் அப்பியிருந்து கேப்பின் உட்புறம் சுத்தமாக இருந்தால், கேப்பைத் தயார் செய்ததில் கோளாறு. கறுத்து நாற்றமடித்தால் கசிவும் சொத்தையும் இருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்யாமல் ஒட்டவே கூடாது. ராவிய பல் குட்டையாகவும் கூம்பாகவும் இருந்தால் எந்தச் சிமெண்ட்டை மாற்றியும் பெரிதாகப் பயனில்லை. கடைவாய்ப் பல்லில் குறைந்தது 4 மில்லிமீட்டர் உயரமாவது வேண்டும்.

மறுபடி ஒட்டச் சம்மதிப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஏன் கழன்றது, பல்லை எதைக்கொண்டு சுத்தம் செய்யப்போகிறீர்கள், கேப்புக்குள் இருக்கும் பழைய சிமெண்ட்டை எப்படி எடுப்பீர்கள்? பதில் சொல்லாமல் சிமெண்ட்டின் பெயரை மட்டும் சொன்னால் கேப்பை வாங்கிக்கொண்டு வேறு மருத்துவரிடம் காட்டுங்கள். காலம் தள்ளாதீர்கள், மூடாத பல் சில வாரத்தில் நகர்ந்துவிட்டால் அந்தக் கேப் திரும்பப் பொருந்தாது. அதுவரை ஒரு சிறு டப்பாவில் பத்திரமாக வையுங்கள், வீட்டிலுள்ள சூப்பர் குளூவால் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.